பச்சைக் குழை

பழசைக் கிளறாதேங்கோ, மறந்துபோடுங்கோ என்று சொல்ல வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன். உங்களுக்கு என்ன போனது? பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. அதனால்தான் அவர்களுக்கு மறதி அவ்வளவு லேசாக வருகிறது. என் அம்மாவிடமும் அப்படிச் சொல்வதற்கு ஒரு ஊரே வந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. அக்கராயன் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டுத் தோட்டத்தைச் சகோதரங்கள் பிரித்துப் பிரித்துக் கடைசியில் கத்தரிக்கன்று நடவும் இடம் காணாமல் போனவர்களுக்கு, காட்டை வெட்டிக் காணியும் குளத்துத் தண்ணீரும் கொடுத்திருந்தார்கள். அப்பாவும் பக்கத்துக் காணிக்காரரும் ஒரே ஊரிலிருந்து, ஒரே லொறியில், சட்டி பானையோடு வந்து இறங்கியவர்கள். அம்மா அவரை அண்ணை என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கு அவர் மாமா, அவருடைய மனைவி மாமி. வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து அவர்களுக்குப் பிறந்த ஒரே மகளுக்கு அப்போது நாலு வயது. தன் வீட்டில் இருந்ததைவிட அந்தக் குழந்தை எங்கள் குசினியில் இருந்ததுதான் அதிகம். அம்மா பிட்டை அவித்துக் கொட்டும்போதே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் இரண்டு காணிகளும் காட்டோரம். காட்டோரக் காணிக்காரருக்கு மார்கழி வந்தால் நித்திரை இல்லை. கதிர் பால் பிடிக்கிற மணத்துக்குப் பன்றிக் கூட்டம் இறங்கிவிடும். தகரம் தட்டிப் பார்ப்பார்கள், பந்தம் கொளுத்திப் பார்ப்பார்கள். ஒன்றுக்கும் அடங்காவிட்டால் கட்டுத்துவக்கு வைப்பார்கள். பன்றி வருகிற வழியில், பற்றைக்குள், துவக்கை மரத்தோடு கட்டி, வழிக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கம்பியை இழுத்து விடுவது. கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். எல்லாம் அனுமதியில்லாத துவக்குகள். பிடிபட்டால் மறியலில் கிடப்பது மட்டுமல்ல, காணியும் பறிபோகும் என்று பயம். அதனால் யாரிடம் துவக்கு இருக்கிறது, யார் எப்போது கட்டுகிறார் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் அதற்கும் ஒரு முறை இருந்தது. துவக்குக் கட்டியவர் அந்த வழி தொடங்கும் இடத்தில், ஆளின் கண்ணுக்கு நேரே, மரத்தில் இலையும் கொப்புமாக ஒரு பிடி குழை முறித்துக் கட்ட வேண்டும். குழையைக் கண்டால் நாங்கள் சுற்றிப் போய்விடுவோம். குழை கட்டியிருந்த இடத்தில் ஆள் அடிபட்டால் அது அடிபட்டவரின் பிழை. துவக்கு யாருடையது என்று ஊர் கேட்காது. குழை கட்டாமல் விட்டு ஆள் அடிபட்டால் அது கொலைக்குச் சமம். பொலிசுக்கு இந்தச் சட்டம் தெரியாது, கோட்டுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அந்த மார்கழியில் ஒருநாள், நிலம் வெளிக்கிற நேரம், கயிற்றை அறுத்துக்கொண்டு போன எருதைத் தேடி அப்பா காட்டுக்கரையால் போனார். வெடிச்சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. எங்கோ பன்றிக்கு வெடி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகுதான் அப்பாவின் குரல் கேட்டது. அம்மாவும் நானும் ஓடிப் போகும்போது மாமா எங்களுக்கு முன்னரே அங்கே நின்றார். தன் சால்வையைக் கிழித்து அப்பாவின் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வண்டிலைப் பூட்டினார், அவர்தான் அப்பாவைத் தூக்கி வைக்கோலில் கிடத்தினார், அவர்தான் மாட்டை விரட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அம்மா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிலில் போனாள். என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே அப்பாவின் உயிர் போய்விட்டது. அம்மாவை அங்கே அப்பாவோடு விட்டுவிட்டு, செய்தி சொல்ல மாமா மத்தியானம் தனியே திரும்பி வந்தார். வந்தவர் எங்கள் வீட்டுக்கு வருமுன் வேறெங்கும் போனாரா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பின்னேரம் விதானையார் வந்தார். ஊரின் அரசாங்க உத்தியோகத்தர் அவர்தான், மரணம் என்றால் இடத்தைப் பார்த்து எழுத வேண்டியவர். ஆண்கள் எல்லோரும் அவரோடு காட்டுக்கரைக்குப் போக, நானும் பின்னால் போனேன். என்னைத் தடுக்கிற துணிச்சல் அன்றைக்கு ஒருவருக்கும் இல்லை. பற்றைக்குள் துவக்கு இல்லை, யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அறுந்த கம்பி மட்டும் தொங்கியது. வழியின் தொடக்கத்தில், பாலை மரத்தில், கண்ணுக்கு நேரே ஒரு பிடி குழை கட்டியிருந்தது.

“குழை கட்டித்தானே கிடக்கு” என்றார் விதானையார். ஆண்கள் தலையை ஆட்டினார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது போல இருந்தது. குழை இருந்தால் துவக்குக்காரரைத் தேட வேண்டியதில்லையே.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பாலைக் குழையை முறித்தால் பால் வடியும். முறித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை, என் விரலில் ஒட்டியது. “இது இப்ப முறிச்ச குழை. நேற்றையான் குழை இல்லை” என்றேன்.

“பிள்ளை, நீ வீட்டை போ” என்றார் விதானையார். அதட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னார். பரிதாபம் எனக்கு அதட்டலைவிட எரிச்சலாக இருந்தது. அடுத்த நாள் பொலிஸ் வரும்போது குழை வாடிவிட்டது. வாடிய குழையைப் பார்த்து அது எந்த நேரத்துக் குழை என்று யார் சொல்ல முடியும்?

செத்தவீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. குழை இருந்ததாம், கண்டுகொள்ளாமல் போனாராம். நித்திரைத் தூக்கமாம். முதல் நாள் பின்னேரம் அப்பா கொஞ்சம் கள்ளுக் குடித்திருந்தார், அது உண்மை. அந்தக் கள்ளு ஒரு கிழமைக்குள் ஒரு போத்தலிலிருந்து மூன்று போத்தலாகிவிட்டது. வெறி முறியாமல் போனவராம், பெண்சாதி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டாராம். அப்பாவைப் பாடையில் தூக்கியவர்களே வேலியடியில் நின்று சுருட்டுப் பற்றிக்கொண்டு இதைக் கதைத்தார்கள். என் அப்பா காட்டுவழியில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மனிசன் இல்லை. பாம்பின் தடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் போனது என்று சொல்கிறவர்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்றுதான் இந்தக் கதை அம்மாவின் காதில் விழுந்தது. அதுவரைக்கும் அவளுக்குக் குழையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழும்பி, ஈரக்கையோடு, ஆண்கள் இருந்த பந்தலுக்குள் போனாள்.

“குழை இல்லை” என்றாள். “அவர் வண்டிலுக்கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர். குழை இல்லை, நான் பாத்துத்தான் போனனான் எண்டு ரெண்டு தரம் சொன்னவர். அண்ணைக்கும் கேட்டது. அண்ணையைக் கேளுங்கோ.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கதிரையில் குனிந்து இருந்தார். நிமிரவில்லை.

“வண்டில் சத்தம் தங்கச்சி” என்றார். “எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

“அவர் சொல்லேக்கை நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள்.”

“எனக்குக் கேக்கேல்லை.”

அம்மா அங்கேயே நின்றாள். அவளுடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அது விளங்கிய நேரத்தை நான் கண்ணால் கண்டேன். இரவு, பாத்திரம் எல்லாம் கழுவி முடிந்த பிறகு, என்னிடம் சொன்னாள்: “ஆஸ்பத்திரியிலை இருந்த அவ்வளவு பேரும் என்னைக் கண்ட உடனை கேட்டது ஆரின்ரை துவக்கு எண்டுதான். கிளிநொச்சி வரைக்கும் என்னோடை வந்த மனிசன் ஒருக்காலும் கேக்கேல்லை. ஒருக்காலும் கேக்கேல்லையடி.”

அதற்குப் பிறகு அவள் அவரை அண்ணை என்று கூப்பிடவில்லை.

மாமா எங்களுக்குச் செய்த உதவியை ஊர் இன்றைக்கும் சொல்லும். தை மாதம் தன் வயலில் கதிர் முற்றிச் சாயக் கிடக்க, எங்கள் வயலைத்தான் முதலில் ஆள் பிடித்து வெட்டுவித்தார். கதிரைக் குவித்துச் சூடு வைத்தார், தானே மாடு பூட்டி மிதித்தார், நெல்லை மூட்டையாக்கி வீட்டுக்குள் அடுக்கினார். வேலி அடைத்தார். கூரைக்குக் கிடுகு மாற்றினார். எங்கள் வீட்டில் ஒரு நேரம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. அவர் செய்யச் செய்ய அம்மாவுக்கு உடம்பு எரிந்தது. வேலியடியில் நின்று அவள் சொல்வது ஒன்றுதான். “இதொண்டும் எனக்கு வேண்டாம். நீங்கள் கேட்டதைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ.” அவர் வேலிக் கதியாலை நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருப்பார்.

ஊருக்கு இது விளங்குமா? விளங்கவில்லை. உடன்பிறந்தவன்கூட இப்படிச் செய்வானோ, இந்த மனிசனைப் போய்ச் சந்தேகிக்கிறாளே, இவளுக்கு மனசிலை ஈரம் இல்லையோ என்று பெண்கள் வாய்க்காலில் குளிக்கும்போது எனக்குக் கேட்கத்தக்கதாகவே கதைத்தார்கள். வீட்டுக்கும் வந்தார்கள். வந்து, போனது போச்சு, இனி ஆரை நோகிறது, குழை கட்டிக் கிடந்ததுதானே, மறந்துபோட்டுப் பிள்ளையின் அலுவலைப் பார் என்றார்கள். பிள்ளை என்றது என்னை. தேத்தண்ணிக் கோப்பையை நான் டொக்கென்று வைத்த சத்தத்தில் ஒருத்தி பாதியில் எழும்பிப் போனது நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். மறியல் அல்ல, நட்டஈடு அல்ல. குழை இல்லை என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். வெறிகாரன் என்ற பெயரோடு அப்பா போகக் கூடாது. அதைச் சொல்லக்கூடிய வாய் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த வாய் எங்கள் வேலியடியில் பூட்டிக்கொண்டு நின்றது.

பங்குனியில் அம்மா சத்தியத்துக்குக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களிடம் பொலிசுக்குப் பொய் சொல்பவர் உண்டு, கோட்டில் பொய் சொல்பவர் தாராளமாக உண்டு. அம்மன் வாசலில் எரிகிற கர்ப்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய் சொல்ல யாருக்கும் நெஞ்சு வராது. பொய்ச் சத்தியம் செய்தவரை விட்டுவிட்டு அவர் பிள்ளையைத்தான் அம்மன் பிடிப்பாள் என்று நம்பிக்கை. அம்மா விதானையாரிடம் போய்ச் சொல்ல, விதானையார் மாமாவைக் கேட்க, அவர் ஓம் என்றுவிட்டார். ஓம் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. மாட்டேன் என்றால் அதுவே போதும்.

பங்குனித் திங்கள், மத்தியானப் பூசை முடிந்த நேரம். கோயிலடியில் சனம் நிறைந்து நின்றது. வெயிலில் மணல் காலைச் சுட்டது. பூசாரியார் வாசற்படியில் ஒரு வெற்றிலையில் கர்ப்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். “வண்டிலிலை அவர் குழை இல்லையெண்டு சொன்னது எனக்குக் கேக்கேல்லை. இதைச் சொல்லி அணையும்” என்றார். மாமா முன்னுக்குப் போனார். கையை நீட்டினார். நீட்டிய கை சுவாலைக்கு மேலே அப்படியே நின்றது. சொல்லப்போகிறார், இப்போது உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கர்ப்பூரம் எரிந்து சின்னதாகிக்கொண்டு வந்தது. அவர் கை கீழே இறங்கவில்லை. சனத்துக்குள் மெல்ல ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. கர்ப்பூரம் தானாக நூர்ந்துபோனது.

“ஏன் அணைக்கேல்லை?” என்று யாரோ ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

அந்தக் கேள்வியோடு மாமாவின் முகம் மாறியது. சுற்றிவரப் பார்த்தார். மாமியின் இடுப்பிலிருந்து மகளை இழுத்து எடுத்துத் தன் முன்னால் நிறுத்தினார். “கர்ப்பூரம் என்ன கர்ப்பூரம்! நான் என்ரை பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்!” என்று கத்தினார். அதைவிடப் பெரிய சத்தியம் எங்களிடம் இல்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை வேடிக்கை என்று நினைத்துத் தகப்பனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. அவர் கையை ஓங்கிவிட்டார்.

அம்மா எப்படிப் பாய்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் நின்றவள் அடுத்த கணம் அங்கே நின்றாள். குழந்தையைப் பறித்து, தலையைத் தன் சேலைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்” என்றாள். “சத்தியம் வேண்டாம். பிள்ளையை விடுங்கோ.”

பூசாரியார் என்ன செய்வதென்று தெரியாமல் விதானையாரைப் பார்த்தார். விதானையார் தொண்டையைச் செருமினார். “கேட்டவவே வேண்டாமெண்டுறா. அப்ப விசயம் முடிஞ்சுது” என்றார்.

முடிந்தேவிட்டது. சத்தியத்துக்குக் கூப்பிட்டவள் தானே தடுத்ததால், வழக்கப்படி எதிராளி சுத்தம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே எங்களோடு நடந்தவர்கள் ஒவ்வொருவராய் விலகினார்கள். நான் வாசலைத் தாண்டுமுன்னரே வெடித்துவிட்டேன்.

“அப்பாவைவிட அந்தப் பிள்ளையே உங்களுக்குப் பெரிசு?”

“பொய்ச் சத்தியம் எண்டு எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “தெரிஞ்சுகொண்டு அதைப் பிள்ளையின்ரை தலையிலை விழ விட ஏலாது.”

“அது அவற்றை பிள்ளை. அவர் யோசிச்சிருக்க வேணும்!”

“அவர் யோசிக்கேல்லை. நானும் யோசிக்காமல் விடுறதோ?”

நான் பல நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. எனக்கு அவள் செய்தது பிழை என்றுதான் பட்டது. இன்றைக்கும் என்னிடம் கேட்டால், அவர் அடித்துச் சத்தியம் பண்ணுமுன் தானே வாய் உளறியிருப்பார், அம்மா ஒரு நொடி பொறுத்திருக்கலாம் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு நொடியை வைத்துச் சூதாட என்னால் முடியும். அம்மாவால் முடியவில்லை.

அதற்குப் பிறகு மாமா எங்கள் காணிப் பக்கம் வரவில்லை. ஊரே அவரைச் சுத்தம் என்றுவிட்டது, இனி யாருக்காக வேலி அடைப்பார்? வைகாசி போனது, ஆவணி போனது. ஐப்பசி மழைக்கு அம்மாவும் நானும் கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து உழுது விதைத்தோம். அம்மா அவதூறு சொன்னவள் ஆகிவிட்டாள். கலியாண வீடுகளுக்கு எங்களுக்குச் சொல்ல மறந்தார்கள். எனக்குப் பேசி வந்த ஒரு இடமும் சத்தமில்லாமல் நின்றுபோனது. இடைக்கிடை மாமாவை வாய்க்கால் கரையில் தூரத்தில் காண்பேன். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டால் திரும்பி வேறு வழியால் போவார். நன்றாகப் போகட்டும் என்று நினைப்பேன்.

குழந்தை மட்டும் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்துகொண்டே இருந்தது. அம்மா அதற்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் வரும். பிறகு அந்தக் குழந்தையே என் மடியில் ஏறி நித்திரையாகிப் போகும். என்ன செய்வது?

மார்கழி திரும்பி வந்தது. அப்பா போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசம். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டுக்கு யாரும் சொல்லாமலே வரலாம், திவசத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வீடு வீடாய்ச் சொல்லிக்கொண்டு போனாள். கடைசியாக மாமாவின் வேலிப் படலையில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார்.

“நாளையிண்டைக்கு அவற்றை திவசம்” என்றாள் அம்மா. “வந்து சாப்பிட வேணும். அவற்றை இலைக்குப் பக்கத்திலைதான் உங்களுக்கு இலை போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

மாமி உள்ளேயிருந்து, “வருவார், வருவார் தங்கச்சி” என்றாள். அவளுடைய குரல் அழுகிறது போல இருந்தது. செத்தவரின் படையலில் இருந்து எடுத்த சோற்றை, அவருக்குத் துரோகம் செய்தவர் வாயில் வைத்தால் தொண்டையால் இறங்காது என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கு இருந்தது.

அன்றைக்கு ஊரில் பாதிக்கு மேல் வந்தது. அம்மாவைக் குறை சொன்னவர்களும் வந்தார்கள். சாப்பாட்டை யார் விடுவார்? அப்பாவின் படம் எங்களிடம் இருக்கவில்லை. அவருடைய கதிரையில் அவருடைய வேட்டி சால்வையை மடித்து வைத்து, அதற்கு முன்னால் பெரிய இலை போட்டுப் படைத்தோம். பூசாரியார் தீபம் காட்டி முடிய ஆண்கள் பந்திக்கு இருந்தார்கள். மாமா பிந்தித்தான் வந்தார். கடைசியில், வாசலோடு இருக்கப் பார்த்தார். அம்மா அப்பாவின் இலைப் பக்கம் கையால் காட்டினாள். அவர் எழும்பி வந்து அப்பாவின் இலைக்குப் பக்கத்து இலையில் இருந்தார். விதானையார் அவருக்கு நேரே எதிரில் இருந்தார்.

அம்மா படையல் இலையிலிருந்து ஒரு கை சோறு எடுத்து அவருடைய இலையில் வைத்தாள். மேலே சோறு போட்டாள், பருப்பு விட்டாள், நெய் விட்டாள். மற்றவர்களுக்குப் பரிமாறியது நான். எல்லோரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மாமா சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா சாம்பார் வாளியோடு அவருக்கு முன்னால் நின்றாள், நகரவில்லை. ஒருவர் கவனித்தார், பிறகு பக்கத்தில் இருந்தவர் கவனித்தார். சாப்பிடுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மாமா ஒரு பிடியை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். கை திரும்ப இலைக்கு வந்தது.

“குழை இல்லை” என்றார்.

மிக மெல்லத்தான் சொன்னார். ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

“குழை நான் கட்டேல்லை. துவக்கு என்ரைதான். அண்டைக்குப் பண்டி வழி மாறிப்போச்சு. பின்னேரம் துவக்கை அவிட்டு இஞ்சாலை கொண்டுவந்து கட்டினனான். கட்டி முடிய இருண்டு போச்சு. குழையை விடியப் போய்க் கட்டுவமெண்டு படுத்திட்டன். நான் எழும்ப முதல் அவர் எழும்பிட்டார்.” அவர் இலையையே பார்த்துக்கொண்டு சொன்னார். “மத்தியானம் திரும்பி வரேக்கை துவக்கை அவிட்டதும் குழை முறிச்சுக் கட்டினதும் நான்தான். வண்டிலிலை அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ரெண்டு தரமும் கேட்டது.”

மாமி குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டாள். விதானையார் பிசைந்த கையோடு எழும்பி நின்றார். “எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டாய். இனி நான் பேசாமல் இருக்க ஏலாது” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீ என்ன சொல்லுறாய்?”

“மறியலுக்கு அனுப்புங்கோ!” என்று நான் கத்தினேன். அவ்வளவு பேருக்கும் நடுவில், கையில் பொரியல் தட்டோடு. வெட்கப்படவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “அது உங்கடை வேலை விதானையார். என்னைக் கேளாதேங்கோ” என்றாள்.

“நானே வாறன்” என்றார் மாமா.

அடுத்த நாள் விதானையாரோடு தானே பொலிசுக்குப் போனார். சில மாதங்கள் உள்ளே இருந்தார். காணி பறிபோகவில்லை. அந்த மாதங்களில் அவர்களுடைய வயலுக்கு வாய்க்கால் திறந்துவிட அம்மா என்னைத்தான் அனுப்பினாள். திட்டித் திட்டிக்கொண்டு போய்த் திறந்துவிட்டேன். அவர் வெளியே வந்த பிறகு ஒருநாள் எங்கள் படலையில் நின்று, மன்னிச்சுப்போடு தங்கச்சி என்று கேட்டார். “அடிபட்டது நானில்லை. அதை அவரிட்டைக் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் சாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கவில்லை, அவர்களுடைய பிள்ளையை ஒருநாளும் பசியோடு அனுப்பவும் இல்லை. இதை மன்னிப்பு என்பவர்கள் இருக்கிறார்கள், பகை என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவரை அதற்குப் பிறகு மாமா என்று கூப்பிட்டதில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்குப் பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். வெறிகாரன் என்று சொன்னவர்கள் தாங்கள் அப்போதே நினைத்ததாகச் சொன்னார்கள். விதானையார் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். அம்மா வாளியைக் கீழே வைத்தாள். அப்பாவின் கதிரைக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்தாள். மடித்து வைத்திருந்த வேட்டியைத் தொட்டாள். அந்த ஒரு வருசத்தில் ஊருக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், குரல் உடைந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, அப்பாவோடு கதைத்தாள்.

“கேட்டியளே?” என்றாள். “குழை இல்லையாம். ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. உங்களிலை பிழை இல்லை.”